வெள்ளைச்சாமி ஊதாத பலூன்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. தன்னார்வலர்களுக்கு நடந்த ஐந்து நாள் பயிற்சியில், மதியச் சாப்பாட்டுக்குத் தட்டோடு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள். அவளுக்கு அவளுடைய சித்தி மகள் சொன்னாளாம். அந்தச் சித்தி மகள்தான் ஊசிப்பாறைப்பட்டியில் வாக்கப்பட்டவள். கை மாறி வந்ததில் கொஞ்சம் கூடியிருக்கலாம், கொஞ்சம் குறைந்திருக்கலாம். என்னால் விசாரிக்க முடிந்த ஒன்றை மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

ஊசிப்பாறைப்பட்டிக்கு மூன்று பக்கம் கல்குவாரி, நாலாவது பக்கம் கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர். காலை ஆறு மணிக்குக் கிரஷர் ஓட ஆரம்பித்ததும் வீடுகளில் அடுக்கிவைத்த தம்ளர்கள் லேசாக நடுங்கும், அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் பெண்கள் உலை வைப்பார்கள். வேம்பு வெள்ளை, முருங்கை வெள்ளை, கொடியில் காயும் கறுப்புப் பாவாடை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம், அந்த ஊருக்குக் கறுப்புக் கோழி வாங்கிப் போனால் ஒரே வாரத்தில் வெள்ளைக் கோழியாகிவிடும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நாகஜோதி. வயது இருபத்து மூன்று, படித்தது இயற்பியல். வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டே, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை சமுதாயக் கூடத்தில் தன்னார்வலராகப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து காட்டினாள். பயந்த சுபாவம். எந்தச் சோதனையையும் வீட்டில் மூன்று தடவை செய்து பார்க்காமல் பிள்ளைகள் முன்னால் கொண்டுபோக மாட்டாள். தப்பாகிவிட்டால் 'பெரிய படிப்பு படிச்சவ' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று உள்ளங்கை வேர்க்கும்.

அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி இருபத்தாறு வருசமாகக் கிரஷர்க் குவாரியில் பாறையில் துளை போடும் டிரில் மிஷினைப் பிடிக்கிறவர். விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு இருமுவார். வாளி நிறைந்து வழிந்து ஓடினாலும் குழாயை மூட மாட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அதைப் பேசியதில்லை. நாகஜோதி மட்டும் மூன்று தடவை கேட்டிருக்கிறாள், மாவட்ட ஆசுபத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வரலாம் என்று. மூன்று தடவையும் ஒரே பதில். "நெஞ்சு ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வந்தவனை மறுநாள் மேஸ்திரி உள்ள விட மாட்டாருத்தா."

தை மாசக் கடைசியில் 'காற்றுக்கு எடை உண்டு' என்ற பாடம் வந்தது. மூங்கில் குச்சியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே அளவு ஊதிய பலூன். குச்சி சமமாக நிற்கும். ஒரு பலூனை ஊசியால் குத்தினால் மற்ற முனை தாழும். அவளுக்குக் கொடுத்த கையேட்டில் இவ்வளவுதான். பாக்கெட்டில் இருந்ததே பத்துப் பலூன், வீட்டில் ஊதி வீணாக்க மனசு வராமல் அன்றைக்கு மட்டும் நாகஜோதி முன்கூட்டிச் செய்து பார்க்கவில்லை. முதல் பலூனை ஐந்தாம் வகுப்பு தர்ஷினி முகம் சிவக்க ஊதினாள். இரண்டாவதற்கு அவளுக்கு மூச்சு இல்லை. மகள் தர்ஷினியைக் கூட்டிப்போக வேலையிலிருந்து நேராக வந்து, புருவமெல்லாம் கல்மாவோடு வாசலில் நின்ற சிங்காரம் உள்ளே வந்தார்.

"குடு நாகு. இதுக்குப் போயி பிள்ளையள மூச்சு முட்ட விடுற" என்று வாங்கி, மூன்றே ஊதில் நிரப்பி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

அதைக் குச்சியில் மாட்டியதும், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி அந்த முனை சர்ரென்று கீழே போய், முடிச்சு நழுவி, பச்சைப் பலூன் சிமெண்டுத் தரையில் தொம்மென்று உட்கார்ந்தது. வெடிக்கவில்லை. உருளவும் இல்லை. தர்ஷினி கிட்டப் போய் ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, முடியாமல் இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாக்கா, காத்துக்கு எடை இருக்கு" என்று சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாகஜோதி கையேட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, 'உற்றுநோக்கியது' என்ற கட்டத்தில், 'சமமாக நிற்கவில்லை' என்று எழுதினாள்.

மறுநாள் காலையில் அந்தப் பலூன் சாகுல் பாயின் மளிகைக் கடைக்குப் போனது. தராசில் வைத்தார்கள். ஐந்நூற்று நாற்பது கிராம். சாகுல் பாய் தராசைத் தட்டிப் பார்த்தார், காலியாக விட்டுப் பார்த்தார், அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார், பருப்பு சரியாக அரைக்கிலோ காட்டியதும் "தராசுல குத்தமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்டது. கல்லோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஊர் அது. அங்கே லேசான கல்லை எவனும் வாங்க மாட்டான், லேசான சுத்தியல் வேலைக்காகாது, லேசான ஆளைப் பாரம் தூக்கக் கூப்பிட மாட்டார்கள், அதனால் கனமான மூச்சு என்றால் பலமான மூச்சு என்று யாரும் யாரிடமும் கேட்காமலே முடிவாகிவிட்டது. ஆண்கள் சாயங்காலம் குளித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாகுல் பாய் கடைக்கு முன்னால் வரிசையில் நின்று ஊதினார்கள், எண்ணைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார்கள். கபடிக் குழுவுக்கு மூச்சை எடைபோட்டு ஆள் எடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளைப் பையனின் மூச்சு முந்நூறு என்று சொல்லப்பட்டது, அவர்களும் தலையாட்டினார்கள். ஒரு சடங்கு வீட்டில் மாமன்மார் ஊதிக் கட்டிய நாற்பது பலூனும் ஜோடனைத் துணியைப் பிய்த்துக்கொண்டு கேசரிச் சட்டிக்குள் விழுந்தன. அதிலிருந்து விசேஷ வீடுகளில் வெளியூரிலிருந்து வரும் தபால்காரரையும் வளையல்காரரையும் கூப்பிட்டு ஊதச் சொன்னார்கள், அவர்கள் மூச்சில் ஒரு கிராம்கூட இல்லை. டீக்கடையில் கூரைத் தாள் பறக்காமல் இருக்க இரண்டு பலூன், பூனை தள்ளாமல் இருக்கத் தயிர்ப்பானை மூடிமேல் ஒரு பலூன், காற்றில் அடிக்கிற கதவுக்கு அண்டக்கொடுக்க ஒரு பலூன் என்று வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கிரஷர் மேஸ்திரி அடைக்கலம், நானூற்றுக்கு மேல் மூச்சுள்ளவர்களின் பெயரைப் பலகையில் எழுதி வைத்து, முதல் ஆளான சிங்காரத்துக்குச் சால்வை போர்த்தினார்.

வெள்ளைச்சாமி மட்டும் ஊதவில்லை.

நாகஜோதி பாட நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பெயர், வயது, எடை என்று எழுதிக்கொண்டு வந்தாள். எண்கள் அவளைத் தூங்கவிடவில்லை. இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இருநூற்றுப் பத்து, அவனைவிட ஆள் பாதியாக இருக்கிற கனகுவுக்கு முந்நூறு. கனகு கிரஷர்ச் சல்லடைக்குக் கீழே பத்து வருசம் மண் அள்ளிவிட்டு, ஆறு வருசத்துக்கு முன்னால் வேலையிலிருந்து நின்றவள். ஒரு நாள் மாலை நாகஜோதி நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, கிரஷரில் எத்தனை வருசம் என்று எழுதிப் பார்த்தாள். ஏழு வருசம், இருநூற்றுப் பத்து. பத்து வருசம், முந்நூறு. பதினெட்டு வருசம், ஐந்நூற்று நாற்பது. வருசத்துக்கு முப்பது கிராம். யாருக்கும் கூடவில்லை, யாருக்கும் குறையவில்லை, வேலையை விட்ட பின்னாலும் கனகுவுக்கு இறங்கவில்லை. பிறகு, பெருங்காயம் நிறுக்கிற சின்னத் தராசைச் சாகுல் பாயிடம் இரவல் வாங்கிவந்து, கூடத்துப் பிள்ளைகளை ஊதச் சொன்னாள். நாலு கிராம். ஐந்து கிராம். தர்ஷினிக்கு ஆறு கிராம்.

முதலில் சிங்காரத்திடம் நோட்டைக் காட்டினாள். அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து காலையிலிருந்து மதியம் வரை முப்பது பலூன் ஊதினார், உள்ளே இருக்கிறது அவ்வளவும் வெளியே வந்துவிட்டால் சரி என்று. பெரிதாக ஊதினாலும் சிறிதாக ஊதினாலும் ஒவ்வொன்றும் ஐந்நூற்று நாற்பதுதான் இருந்தது. அன்றைக்கு அவருடைய மனைவி சால்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம் நாகு. நான் என்ன செய்யணுங்கிற?"

"ஆசுபத்திரிக்குப் போகணும் மாமா."

"போயிட்டு வந்து?"

அவள் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். பேச்சு மட்டும் பரவியது. மூச்சு முந்நூறு என்று சொல்லி நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் அவள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். "ஊரே பெருமையா இருந்துச்சு, ஒன்னைய யாரு நோட்டுப் போடச் சொன்னது" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். இரண்டு இளவட்டங்கள் கிரஷருக்குப் போவதை நிறுத்தினார்கள். வீட்டில் அம்மா பொன்னழகு அப்பாவுக்குச் சோறு போட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு ஊது. சின்னதா."

"பலூன் ஊதுற வயசாத்தா எனக்கு."

"அவர விடுடி. சோத்துல கைய வச்சிருக்கையில" என்றாள் பொன்னழகு.

வெள்ளைச்சாமி உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "நான் ஊதாட்டி என்ன. இருபத்தாறு முப்பது எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியாதா. எழுதிக்க வேண்டியதுதானே."

"நிறுக்காம எழுதக் கூடாதுப்பா."

"அப்ப வெறுமனே விட்டுரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நோட்டில் அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் வெறுமையாக இருந்தது. அதில் பெயர்கூட எழுதப்படவில்லை.

மாசி பதினைந்தையொட்டி அறிவியல் தினம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அடைக்கலம் மேஸ்திரி கூடத்துக்கு வந்தார். கையில் சைக்கிள் பம்பு. ஐம்பத்து நாலு வயது, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். பேச்சுக்கு நடுவில் வாயில் துண்டை வைத்துக்கொள்கிற பழக்கம் இருந்தது.

"டீச்சரம்மா, வட்டாரக் கல்வி ஆபீசுல இருந்து மேடம் வர்றாங்களாமே. பிள்ளையளுக்குப் பரிசெல்லாம் நம்ம கிரஷர் செலவுதான். நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. இதுல நான் காத்தடிச்சுத் தர்ற பலூனத் தொங்கவிடு. சமமா நிக்கும். நிக்குதுன்னு சொல்லு. நான் ஒன்னயப் பொய் சொல்லச் சொல்லல பாரு. அது உண்மைதானே."

நாகஜோதி மேஜைமேல் இருந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வெள்ளைச்சாமியால முன்ன மாதிரி டிரில்லப் பிடிக்க முடியல. நாலு துளை போட்டா ஒக்காந்துர்றாப்ல. ஆளை மாத்துன்னு ஓனர் சொல்றாரு, நான்தான் கண்டுக்கிடாம வச்சிருக்கேன். இன்னமும் கண்டுக்கிடாம இருக்கலாம்." துண்டை வாயிலிருந்து எடுத்து, பம்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் விடிகாலையில் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே நாகஜோதி படுத்திருந்தாள். முதல் நாள் ஒரு வாளி நிறைகிற நேரம். இரண்டாம் நாள் இரண்டு வாளி.

அறிவியல் தினத்தன்று வேலை விட்டதும் ஊரே கூடத்துக்கு வந்தது. உள்ளே இடமில்லாமல் ஜன்னல்களில் தலைகள். வட்டாரத்து மேடம் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். வெள்ளைச்சாமி கடைசியில் கதவோரமாக நின்றார், உட்காரச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடைக்கலம் பம்பால் இரண்டு பலூனுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். நாகஜோதி மாட்டினாள். குச்சி ஒரு ஆட்டம் ஆடி, சமமாக நின்றது. அவள் ஒன்றை ஊசியால் குத்தியதும் மற்ற முனை மெல்லத் தாழ்ந்தது, கையேட்டில் இருக்கிறபடியே. கைதட்டினார்கள். அடைக்கலம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கங்கப்பா. முன்ன வந்தது பலூன் கோளாறு" என்றார். பலருக்கு மூச்சு வந்தது. சிலர் அடுத்து உருளைக்கிழங்கு ஓட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

"சமமா நின்னுச்சுன்னு எழுதிக்கலாமா நாகஜோதி?" என்று மேடம் கேட்டார்.

நாகஜோதி கதவோரம் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க மேடம். பம்புல அடிச்ச காத்து சமமா நின்னுச்சு" என்றாள். பிறகு, வெடித்த பலூனின் கிழிசலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, அந்த ஊரில் எல்லோரையும் ஊதச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் இத்தனை நாளும் ஊதாமல் இருந்தவள், வாயில் வைத்து ஊதினாள். மற்றதன் அளவு வந்ததும் முடிச்சுப் போட்டு மாட்டினாள். குச்சி அவள் பக்கம் சாய்ந்தது. வேகமாக இல்லை, யாரோ ஒரு விரலை வைத்து அழுத்துகிற மாதிரி, ஒரு சாண் இறங்கி நின்றது. அதைக் கழற்றிச் சின்னத் தராசில் வைத்தாள். சாகுல் பாய்தான் குனிந்து படித்தார். "பதினொண்ணு."

"இவ எப்பக் கிரஷருக்குப் போனா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"போகல அத்தை" என்றாள் நாகஜோதி. "நான் ஒரு நாளும் போகல. கொடியில துணி காயப் போட்டேன், வாசல் தெளிச்சேன், இங்கன ஒக்காந்து படிச்சேன். அவ்வளவுதான்." நோட்டைத் திறந்து, வெறுமையாக விட்டிருந்த கடைசி வரியில் தன் பெயரை எழுதி, நேரே பதினொன்று என்று எழுதினாள். கிரஷரில் எத்தனை வருசம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

கதவோரத்திலிருந்து வெள்ளைச்சாமி நடந்து வந்தார். வழிவிட்டார்கள். "வெள்ளைச்சாமி, நீ எதுக்கு இப்ப" என்று அடைக்கலம் பாதியில் நிறுத்தினார். வெள்ளைச்சாமி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை; தராசின்மேல் இருந்த அந்தப் பதினொன்றைத்தான் பார்த்தார். மேஜையில் இருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு பலூனை எடுத்து வாயில் வைத்தார்.

முதல் ஊதில் பலூன் விரியவே இல்லை. இரண்டாவது ஊதுக்கு முன்னால் இருமல் வந்தது, அங்கே குழாய் இல்லை, வாளி இல்லை, ஊர் முழுக்க நின்று கேட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். பொன்னழகு எழுந்து வர, வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாவது ஊதில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவரால் முடிச்சுப் போட முடியாமல் விரல் நழுவியது, சிங்காரம் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

அந்த எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் மாட்டியதும் மூங்கில் நடுவில் முறிந்தது. பெரிய தராசைத் தூக்கிவந்து வைத்தார்கள். சாகுல் பாய் எண்ணைப் பார்த்தார், ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. நாகஜோதியே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

"எழுதுத்தா" என்றார் வெள்ளைச்சாமி. "எடை போட்டாச்சுல்ல."

அவள் எழுநூற்று எண்பது என்று எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

"நாளைக்கு வேலைக்கு வர வேணாம் வெள்ளைச்சாமி" என்றார் அடைக்கலம். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பம்பை எடுக்க மறந்து, வாயில் துண்டை வைத்தபடியே படியிறங்கிப் போனார். வெள்ளைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. சிங்காரம்தான் முதலில் பேசினார். அவர் கை தர்ஷினியின் தலையில் இருந்தது.

"ஆசுபத்திரில சீட்டு எத்தன மணிக்குக் குடுப்பாங்க நாகு?"

"ஏழரைக்கு மாமா."

"அப்ப மொத வண்டிக்கே போயிரணும்."

"எங்களுக்கும் எடம் போடு" என்று பின்னாலிருந்து கனகு சொன்னாள்.

சொன்னவள் இவ்வளவோடு முடித்துக்கொண்டாள், வரிசையும் நகர்ந்துவிட்டது. எனக்கு மனசு கேட்காமல், இரண்டு மாதம் கழித்து அந்த மாவட்ட ஆசுபத்திரிக்குப் போனேன். என்னோடு படித்த ஒருத்தி அங்கே நெஞ்சு நோய்ப் பிரிவில் பதிவு எழுதுகிறாள். படியெடுக்க விடவில்லை, பார்க்க மட்டும் விட்டாள். அறிவியல் தினத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, ஊசிப்பாறைப்பட்டி என்ற ஊர்ப்பெயரோடு நாற்பத்தோரு பேர் பதிவாகியிருக்கிறார்கள். முதல் பெயர் வெள்ளைச்சாமி. எடை என்ற கட்டத்தில் அத்தனை பேருக்கும் இரண்டு எண்கள் இருந்தன, ஒன்று கிலோவில், ஒன்று கிராமில். கேட்டதற்கு, "அவங்களே சொன்னாங்க, நான் எழுதிக்கிட்டேன்" என்றாள். கடைசிப் பதிவு மற்றவர்களோடு சேர்ந்து வரவில்லை, எல்லோரும் போனபின் பதினொன்றே முக்காலுக்குத் தனியாக வந்திருக்கிறது: அடைக்கலம், வயது 54. தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று இருந்தது. எடைக் கட்டத்தில் அவருக்கும் இரண்டு எண்கள்.